சவுக்கு டீ ஸ்டாப்

மேலக்கொல்லை
2.6.2025

மச்சான் நந்தகுமாருக்கு,

நீ நல்லா இருக்கியான்னு கேக்கச் சொன்னா உங்க அக்கா. கேட்டாச்சு.

எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் கெடையாது. பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர் எழுதுனது. அப்பறம் கம்மாபுரத்துல நம்ம நெலத்த சுரங்கத்துக்கு எடுத்தப்ப மனு குடுத்தது. அந்த மனுவக்கூட வேற ஆளுதான் எழுதுனான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதனால இதுல தப்புத்தண்டா இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க. படிச்சவன்தான நீ.

போன் பண்ணலாம்னா நம்பர மாத்திட்ட. உங்கூட செராமிக் டிப்ளமா படிச்ச ஆனந்தராஜ ஜங்ஷன் ரோட்டுல பாத்தேன். நீ குஜராத்துல மோர்பிங்கற ஊர்ல டைல்ஸ் கம்பெனில இருக்கன்னு உன் அட்ரஸ் குடுத்தான். புது நம்பரும் குடுத்தான். உங்க அக்கா திரௌபதிதான் போன் வேணாம்னுட்டா. "போன்ல பேசுனா நீங்க வைஞ்சுட்டு வெப்பீங்க, அவன் ஒண்ணும் பேசாம வெப்பான். எழுதுங்க, அப்பத்தான் ரெண்டு பேரும் முழுசாப் பேசி முடிப்பீங்க"ங்கறா. அவளே போஸ்டாபீசுக்குப் போயி கவரும் ஸ்டாம்பும் வாங்கியாந்து டிவி மேல வெச்சுட்டா. எழுதற வரைக்கும் கொழம்புல உப்பு கெடையாதாம். கேட்டா பிரஷருங்கறா. இன்னும் நாளு கடத்துனா நம்ம ரெண்டு பேரு மேலயும் மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிடுவாளாம். சாமி முன்னாடி கேசுல நிக்கறதுக்கு இது தேவலாம்னு எழுதறேன்.

விஷயம் இதுதான். பூவிழிக்கு மூணாவது வயசு நடக்குது. இன்னும் மொட்டை போடல, காது குத்தல. ஒரு வயசுலயே செஞ்சிருக்கணும். கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், தாய்மாமன் மடி இல்லாம எம்பொண்ணுக்குக் காது குத்த மாட்டேன்னு உங்க அக்கா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தா. இப்ப நாள் குறிச்சாச்சு. ஆவணி பதினஞ்சு, ஞாயித்துக்கெழம. இங்கிலீசுல ஆகஸ்ட் முப்பத்தொண்ணு.

வந்தா வா. வராட்டி உங்க பெரியப்பா மவன் அன்புச்செல்வன் மடியில உக்கார வெச்சுக் குத்திடுவேன். அவனுந்தான் மாமன் மொறை. அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி நம்மளக் கிண்டல் பண்ண மாமன்.

நீ கேக்க மாட்ட, நானே சொல்றேன். ரோட்டோரக் கொல்லையில நீ நட்டுட்டுப் போன சவுக்கு ஜோரா இருக்குது. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. நீ தென்னாப்பிரிக்காவுலேர்ந்து கொண்டாந்த செவப்பு டீ விதைக்காக முந்திரிய வெட்டுனோம். டீச்செடி செத்துது. அது செத்தத மறைக்க நீ சவுக்குக் கன்ன வாங்கியாந்து நட்ட. நெசமான செடி செத்துப் போச்சு, பொய்யி வளந்துக்கிட்டே இருக்குது. ரெண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸு கண்டக்டரு இப்பல்லாம் மேலக்கொல்லைன்னு சொல்றதில்ல. "சவுக்கு டீ எறங்கு"ங்கறான். நானும் எறங்கறேன்.

வேற ஒண்ணும் இல்ல.

கோதண்டபாணி


மோர்பி
15.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கவர் மேல உங்க கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலை. ரெண்டு ஷிப்ட் முழுக்கச் சட்டைப் பையிலயே கிடந்துச்சு. சூளை பக்கத்துல நிக்கிறவன் நான், அந்தச் சூட்டை விட இது சுட்டுச்சு. பிரிச்சுப் படிச்ச பிறகு கொஞ்சம் சிரிச்சேன், உப்பு விஷயத்துக்கு. அப்புறம் சிரிக்க முடியலை.

பூவிழி போட்டோ பார்த்திருக்கேன். ஆனந்தராஜ் ஒரு தடவை ஸ்டேட்டஸ் வெச்சிருந்தான், ஏதோ கல்யாணத்துல அக்கா தூக்கி வெச்சிருந்தாங்க. எங்க அம்மா மூக்கு அப்படியே. அம்மா இருந்திருந்தா என்னைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாங்க. அக்கா வளைகாப்புக்கு வளையல் தட்டு எடுத்துட்டு வர வேண்டியவன் நான். குழந்தை பிறந்தப்ப சர்க்கரைத் தண்ணி வைக்க வேண்டியவன். எதுக்கும் வரலை. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது மாமா?

என்ன நடந்துச்சுன்னு நான் உங்ககிட்ட ஒழுங்கா சொன்னதே இல்லை. அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏறிட்டேன். இப்ப எழுதறேன், கேட்டா கேளுங்க.

தென்னாப்பிரிக்காவுக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போனப்ப, லீவு நாள்ல ஒரு மலையடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வரிசை வரிசையா ரூய்போஸ் செடி, அதான் அந்தச் செவப்பு டீச்செடி. இடுப்பளவு உயரம், ஊசி மாதிரி இலை. அதை வெட்டி, நசுக்கி, தண்ணி தெளிச்சுக் குவிச்சு வெச்சாங்கன்னா ஒரு நாள்ல பச்சை போயி செவப்பாகுது. வெயில்ல காயவெச்சா டீத்தூள். மண்ணைக் கையில அள்ளிப் பார்த்தேன். நம்ம முந்திரிக் கொல்லை மணல் மாதிரியே விரல் இடுக்குல உதிர்ந்துச்சு. அவ்வளவுதான் மாமா. அந்த ஒரு கைப்பிடி மண்ணைப் பார்த்துட்டு, நம்ம ஊர்ல இது வரும்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன்.

வானத்தைப் பார்க்கலை. அங்க ஆனி, ஆடியில குளிரும் மழையும். வெயில் காலத்துல சொட்டு கிடையாது. நமக்கு எல்லாமே தலைகீழ். வேர்ல ஒட்டி வாழற நுண்ணுயிர் ஏதோ இருக்குதாம், அது அந்த மண்ணுலதான் இருக்குமாம். உரம் வெச்சா அந்தச் செடிக்கு ஆகாதாம், அதுவும் டி.ஏ.பி. மாதிரி உரம் சுத்தமா ஆகாதாம். உலகத்துல எங்கெங்கயோ போட்டுப் பார்த்து வரலைன்னு விட்டிருக்காங்க. இதெல்லாம் நான் பிறகுதான் படிச்சேன். படிச்சுட்டு சொல்லியிருக்கணும். நான் சொல்லிட்டுப் படிச்சேன்.

விதையை உப்புத்தாள்ல தேய்ச்சு வெந்நீர்ல ஊறப்போட்டது ஞாபகம் இருக்கா? முளைச்சு வந்தப்ப நீங்க ஜெயராஜ் கடைக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தீங்க. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துட்டுத்தான் நான் சேனல்காரங்களைக் கூப்பிட்டேன். சென்னையில மூலிகை டீ விக்கிறவரையும் கூப்பிட்டேன். அவங்க வர்றேன்னு சொன்ன வாரத்துல செடி ஒவ்வொண்ணா காய ஆரம்பிச்சது. வர வேண்டாம்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பிளெக்ஸ் கட்டியாச்சே, ஊருக்கே சொல்லியாச்சேன்னு பயந்துட்டேன். ஊசி இலைக்கு ஊசி இலைன்னு சவுக்குக் கன்னு வாங்கி நட்டேன். கடலூர் ஜில்லாவுல நின்னுக்கிட்டு சவுக்கைக் காட்டி வேற செடின்னு சொன்ன ஒரே முட்டாள் நானாத்தான் இருப்பேன்.

ஆவணியில வர முடியாது மாமா. இங்க சூளை பராமரிப்பு வேலை வருது, லீவு தர மாட்டாங்க. அன்புச்செல்வன் அண்ணனையே உட்கார வையுங்க. அக்காகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவாயில்லை.

நந்தகுமார்


மேலக்கொல்லை
29.6.2025

நந்தகுமாருக்கு,

லீவு தர மாட்டாங்களா? ஆனந்தராஜக் கேட்டேன். கோகுலாஷ்டமி வந்தா அங்க பாதி சூளைய அணைச்சுட்டு ஆளுங்கள ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். நீ போவாம அங்கயே கெடந்து காவலுக்கு இருப்பியாம். பொய் சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு, இன்னும் வுடல பாரு நீ.

நீ எழுதுனதத் திரௌபதிக்குப் படிச்சுக் காட்டுனேன். சர்க்கரைத் தண்ணி எடம் வந்ததும் எழுந்து அடுப்பாங்கரைக்குப் போயிட்டா. கொழம்புல உப்பு வந்துடுச்சு, ஆனா எங்கிட்ட பேச்சு இல்ல. "நீங்க வான்னு எழுதல, வந்தா வான்னு எழுதுனீங்க"ன்னு மட்டும் சொன்னா.

எதுக்கு நான் வான்னு எழுதணும்? சொல்லு. நீ அன்னிக்கே பஸ் ஏறிட்ட. உனக்கு மோர்பி இருந்துது. எனக்கு எங்கடா இருந்துது? கம்மாபுரத்துலேர்ந்து கெளப்பி வுட்டப்பறம் எனக்குன்னு மிச்சம் இருக்கறதே இந்தக் கொல்லைதான். அதுக்கு எதுத்தாப்பல பஸ் ஸ்டாப்பு, ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஜெயராஜ் டீக்கடை. எந்திரிச்சா அந்த மூஞ்சிங்களத்தான் பாத்தாவணும். "மாமா, சவுக்கு டீ ஒண்ணு போடட்டா? சக்கர தூக்கலா?" இத நான் எத்தினி நாளு கேட்டிருப்பேன்னு நெனைக்கற? மொதல்ல கோவம் வந்துது. அப்பறம் அவங்களுக்கு முன்னாடி நானே சிரிக்கக் கத்துக்கிட்டேன். சிரிச்சுட்டு வூட்டுக்கு வந்து சோறு எறங்காம ஒக்காந்திருப்பேன்.

நீ வெச்ச பிளெக்ஸ் இருக்குதே, "தமிழகத்தின் முதல் செந்தேநீர் விவசாயி"ன்னு நான் கும்புடற மாதிரி போட்டோவோட, அது இப்ப எங்க இருக்குதுன்னு தெரியுமா? ஜெயராஜ் ஆட்டுக்கொட்டாய் மேல. மழைக்கு ஒழுவாம நல்லா இருக்குதாம். நான் டீ குடிக்கப் போனா, ஆடுங்க தலைக்கு மேல நானே என்னக் கும்புட்டுக்கிட்டு நிக்கறேன்.

அன்னிக்கு எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. சென்னைக்காரரு மைக்கப் புடிச்சு, இந்த மண்ணுக்கே பெருமைன்னாரு. கேமராக்காரன் கன்னுக்குக் கிட்டப் போயி போயி புடிச்சான். பின்னாடிலேர்ந்து மெதுவா சிரிப்பு கெளம்புச்சு. நான் ஏதோ நாயி பூந்துடுச்சு போலன்னு நெனைச்சேன். அப்பத்தான் அன்புச்செல்வன் கேட்டான், "மாமா, இது டீக்கு ஆவுமா, பந்தக்காலுக்கு ஆவுமா?" அப்பறம் கூட்டம் அடக்க முடியாம சிரிச்சுது. பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுக்கிட்டாங்க. உங்க அக்கா அஞ்சு மாசம், வயித்தத் தூக்கிக்கிட்டு அந்த வெயில்ல நாற்காலியில உக்காந்திருந்தா. அவ யாரையும் பாக்கல, தரையத்தான் பாத்தா. 

வெட்டுன முந்திரி இங்க வந்தப்பறம் எங்க அப்பா வெச்சது. அதப் பத்திக்கூட நான் ஒண்ணும் சொல்லல. செடி வராதது குத்தம் இல்ல. பாத்தோம், வரல, போனாப் போவுது. ஆனா என்னை ஏன்டா கோமாளி ஆக்குன? எங்கிட்ட ஒரு வார்த்த, "மாமா, செத்துப் போச்சு"ன்னு சொல்லியிருந்தா நான் அடிச்சா போட்டுருப்பேன்? என்னை ஒண்ணும் தெரியாதவன்னு நெனைச்சுத்தான அத்தன பேரு முன்னாடி நிக்க வெச்ச?

வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

கோதண்டபாணி


மோர்பி
10.7.2025

மாமா,

இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மூணு வருஷமா எழுதாமத்தான் இருந்தேன்.

உங்களை ஒண்ணும் தெரியாதவர்னு நான் நினைக்கலை. உங்களுக்குத் தெரியும். அன்னைக்குக் காலையிலேயே தெரியும்.

நான் பம்ப்செட் ரூம்ல இருந்தேன், நீங்க பார்க்கலை. நீங்க கொல்லைக்கு வந்தீங்க. முதல் வரிசையில குனிஞ்சீங்க. ஒரு ஊசி இலையைக் கிள்ளி எடுத்து, ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா இழுத்தீங்க. கணு விட்டுக் கழண்டு வந்துச்சு. சின்னப் பிள்ளைங்க விளையாடுமே, இழுத்துப் பிரிச்சு மறுபடி சொருகிட்டு, எங்க ஒட்டுன்னு சொல்லுன்னு கேட்குமே, அதே மாதிரி நீங்க அதை மறுபடி சொருகினீங்க.  அப்புறம் அதைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனீங்க.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இப்ப திரும்பி வந்து என்னை அறைவார்னு நினைச்சேன். சத்தியமா மாமா, அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அறைஞ்சிருந்தா எல்லாரையும் போகச் சொல்லியிருப்பேன். நீங்க வெள்ளைச் சட்டை மாத்திக்கிட்டு, திருநீறு வெச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. பொன்னாடை போத்தினப்ப தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டீங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு. மாமாவே சரின்னுட்டார், யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு.

ஓடிப்போனவன் நான்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் மட்டும் பொய் சொன்னேன்னு எழுதாதீங்க. கன்னு நட்டது நான், அது பக்கத்துல நின்னது நீங்க. கோமாளின்னா ரெண்டு பேரும் கோமாளி.

அன்புச்செல்வன் அண்ணன் மடியிலேயே குத்துங்க. அவர் ஒருத்தர்தான் அன்னைக்கு உண்மையைச் சொன்னவர்.

நந்தகுமார்


மோர்பி
30.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்ககிட்ட இருந்து பதில் வரலை. வரும்னு எதிர்பார்க்கவும் எனக்குத் தகுதி இல்லை. போன கடிதத்தைத் தபால்பெட்டியில போட்ட அடுத்த நிமிஷமே கையை உள்ள விட்டு எடுக்க முடியுமான்னு பார்த்தேன். முடியலை. ஒரு சேட்டு நின்னு வேடிக்கை பார்த்தார், நான் ஏதோ திருடறேன்னு நினைச்சிருப்பார்.

எழுதினது பொய் இல்லை. ஆனா அதை உங்களுக்குச் சொல்ற இடத்துல நான் இல்லை. நீங்க எதுக்காக அன்னைக்குப் பேசாம நின்னீங்கன்னு இப்ப எனக்குப் புரியாம இல்லை. பேசியிருந்தா சேனல்காரங்க முன்னாடி மச்சானைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். எனக்காக நின்னீங்க. நான் உங்களை அந்த இடத்துலயே விட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன். இதை அந்தக் கடிதத்துல எழுதியிருக்கணும். கோவத்துல எழுதலை.

பூவிழிக்குத் தோடு வாங்கியிருக்கேன். சிவப்புக் கல் வெச்சது. ஒரு பட்டுப்பாவாடையும் எடுத்தேன், இங்க அளவு சொல்லத் தெரியாம, பக்கத்து ரூம்காரர் பொண்ணை நிக்க வெச்சுக் காட்டி எடுத்தேன். கூடவே அக்காவுக்கு ஒரு புடவை. பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கேன். அண்ணன் மடியில உட்கார வெச்சுக் குத்தினாலும், காதுல நான் வாங்கினதைப் போடுங்க. அவ்வளவுதான் கேட்கறேன்.

நான் வராததுக்கு லீவு காரணம் இல்லை. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. ஜங்ஷன்ல இறங்கி, டவுன் பஸ் ஏறி, டிக்கெட் கேட்கணும். கண்டக்டர் சத்தமா அந்தப் பேரைச் சொல்லுவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நான் இறங்கின உடனே எதிர்ல அந்தச் சவுக்கு நிக்கும். கனவுல இதே பஸ்ஸுல எத்தனையோ தடவை வந்துட்டேன் மாமா, ஒரு தடவைகூட இறங்கினது இல்லை.

அக்கா நல்லா இருக்காங்களா?

நந்தகுமார்


மேலக்கொல்லை
14.8.2025

மச்சானுக்கு,

உன் ரெண்டு லெட்டரும் வந்துது. அந்த ரெண்டுல மொதல்ல வந்தத நான் திரௌபதிக்குப் படிச்சுக் காட்டல. அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். அவ எடுத்துப் படிச்சுட்டா. படிச்சுட்டு எங்கிட்ட வந்து, "சட்டைப் பையில சவுக்கு ஊசி கெடந்துது. தொவைக்கும்போது நாந்தான் எடுத்துப் போட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வருஷம் பாத்தேன்"னா. எனக்கு எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியல. ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தேன்.

நீ ரெண்டாவது லெட்டர்ல எனக்காக நின்னீங்கன்னு எழுதியிருக்க. அப்புடி ஒண்ணும் பெரிய மனுசன் இல்லடா நான். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ஆணியில தொங்குச்சு. பிளெக்ஸுல என் மூஞ்சி இருந்துது. கம்மாபுரத்துலேர்ந்து வந்தவனுக்கு இந்த ஊர்ல எந்தக் கூட்டத்துலயும் முன்னாடி நாற்காலி போட்டதில்ல. அன்னிக்குப் போட்டாங்க. அத வுட மனசு வரல. உன்னைக் காப்பாத்தணும்னு நெனைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நெனைக்கல. உம்மேல கோவப்பட்டுக்கிட்டே இருந்தேன் பாரு, அது எதுக்குன்னா, கோவம் தீந்தா என்னை நானே பாக்க வேண்டி வரும்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காத. நீ வுட்டுட்டுப் போன விதையில கொஞ்சம் மிச்சம் இருந்துது. போன வருஷம் அத நான் போட்டேன். உங்க அக்காவத் தவிர யாருக்கும் சொல்லல. உங்க அக்கா வேலை பாக்கற செராமிக் யூனிட்ல வெடிச்ச ஊறுகா ஜாடிங்கள மூலையில குமிச்சு வெச்சிருப்பாங்கல்ல, அதுல ஒண்ணக் கேட்டு வாங்கியாந்தா. மணலப் போட்டு, நீ காட்டுன மாதிரியே உப்புத்தாள்ல தேச்சு, வெந்நீர்ல ஊற வெச்சு. உரம் ஒரு துளி வெக்கல. எறும்பு வெதைய இழுத்துக்கிட்டுப் போச்சு, அரிசி மாவத் தள்ளித் தூவி அதுங்கள அங்க கூப்புட்டேன். ஒரே ஒரு செடி வந்துது. ஒரு சாண் இருக்கும். காலையில எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பேன். ஒண்ணே ஒண்ணு பொழைச்சாக்கூட ஜாடியோட தூக்கிக்கிட்டுப் போயி ஜெயராஜ் கடையில வெச்சு, இந்தா பாருங்கடான்னு சொல்லலாம்னு இருந்தேன். ஆட்டுக்கொட்டாய் மேல இருக்கற என் மூஞ்சியக் கீழ எறக்கலாம்னு இருந்தேன். கார்த்திகை மழையில கூரைக்கடியிலதான் வெச்சிருந்தேன். ஈரக்காத்துலயே போயிடுச்சு. வேரு கருத்துப் போச்சு.

அப்ப என்ன பண்ணேன் தெரியுமா? சும்மா இருந்தேன். சவுக்கு நடல. ஜாடியத் தூக்கி ரோட்டுப் பக்கம் பாத்தாப்பல வெச்சேன். ஜெயராஜ் வந்து, "இன்னா மாமா இது?"ன்னான். "செவப்பு டீச்செடி. மறுபடி போட்டுப் பாத்தேன், செத்துப் போச்சு. நம்ம ஊருக்கு வராது"ன்னேன். அவன் கிண்டல் பண்ணுவான்னு நின்னுக்கிட்டு இருந்தேன். அவன், "எங்க வூட்ல ஆப்பிள் போட்டாங்க மாமா, அதுவும் வரல"ன்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்டா. அந்த வார்த்தைக்குத்தான் நாம ரெண்டு பேரும் பயந்தோம். அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி அதச் சொல்லியிருந்தா சாப்புட்டுட்டுக் கலைஞ்சு போயிருப்பாங்க.

இத ஒனக்கு எழுதணும்னு அப்பவே தோணுச்சு. அட்ரஸ் இல்லன்னு சாக்கு சொல்லிக்கிட்டேன். ஆனந்தராஜ் ஜங்ஷன் ரோட்டுலதான் இருக்கான், கேட்டா அன்னிக்கே குடுத்திருப்பான்.

இப்ப விசேஷத்துக்கு வரேன். பந்தக்காரன் இரும்பு பைப்பு போடறேன்னான். வேணாம்னுட்டேன். நேத்து கொல்லைக்குப் போயி சவுக்கு வெட்டுனேன். வெட்டறதுக்கு யாரக் கூப்புட்டேன்னு நெனைக்கற? அன்புச்செல்வனைத்தான். அவன் அருவாளப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தான். சிரிக்கலாமா வேணாமான்னு தெரியல அவனுக்கு. "டேய், நீ அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னிக்குப் பதில் சொல்றேன். டீக்கு ஆவாது, பந்தக்காலுக்கு ஆவும். வெட்டு"ன்னேன். வெட்டிக்கிட்டு இருந்தவன் பாதியில நிறுத்திட்டு, "நான் அன்னிக்கு வாய அடக்கியிருக்கலாம் மாமா"ன்னான். "நீ கேட்டது சரி, நாங்க நின்னதுதான் தப்பு"ன்னேன். பூவிழிய அவன் மடியில உக்கார வெச்சுக்க மாட்டானாம். "நந்தா இருக்கும்போது நான் எப்புடி உக்காருவேன்? வரலன்னு எவன் சொன்னான்?"னு எங்கிட்டயே சண்டைக்கு வரான்.

நேரா, நல்ல உருட்டா இருக்குது ஒவ்வொண்ணும். காது குத்துக்கு யாரும் பந்தக்கால் நட மாட்டாங்க, அதெல்லாம் கல்யாணத்துக்குத்தான்னு திரௌபதி சொன்னா. நம்ம வூட்டு மொத விசேஷம், நட்டாத்தான் என்னன்னேன். மஞ்ச பூசி, மாவிலை கட்டி, நவதானியம் முடிஞ்சு வெச்சு நடணும். அதுக்குத் தாய்மாமன் கை வேணும். நாலு காலையும் வாசல்ல சாத்தி வெச்சிருக்கேன். குழி தோண்டியாச்சு.

பூவிழி அந்த மரத்து ஊசியப் பொறுக்கிக்கிட்டு வந்து பிரிச்சு சொருவி, "எங்க ஒட்டு, சொல்லு"ங்கறா. எனக்கு உன் லெட்டரு நெனப்பு வந்து கண்ணு கலங்கிடுச்சு. தெரியலம்மான்னேன். அவளே காட்டுனா.

உன் பார்சல் வந்துது. தோடு நல்லா இருக்குது. பாவாடை கொஞ்சம் பெருசு, தூக்கித் தைச்சுக்கலாம். ஆனா திரௌபதி எல்லாத்தையும் மடிச்சு உள்ள வெச்சு மறுபடி ஒட்டிட்டா. தாய்மாமன் சீரு போஸ்ட்மேன் கையால வாங்கற பழக்கம் எங்க வூட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னா. திருப்பி அனுப்பியிருக்கேன். தட்டுல வெச்சு, பழத்தோட, உன் கையால எடுத்துக்கிட்டு வா.

மொத மொதல்ல போட்ட லெட்டர்ல வந்தா வான்னு எழுதுனேன். இதுல ஒழுங்கா எழுதறேன். வாடா.

உன் மாமா
கோதண்டபாணி


மோர்பி
20.8.2025

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள நானே வந்தாலும் வந்துடுவேன். இருந்தாலும் எழுதறேன், போன் பண்ணினா அழுதுடுவேன்.

பார்சல் திரும்பி வந்துடுச்சு. அக்கா ஒட்டின ஒட்டைப் பிரிக்கலை, அப்படியே பைக்குள்ள வெச்சிருக்கேன். தட்டு மட்டும் இங்க நல்ல வெண்கலத்துல கிடைச்சது. லீவு கேட்டேன். கேட்ட உடனே குடுத்துட்டாங்க. மூணு வருஷமா நான் கேட்காததுதான் குறைன்னு சூப்பர்வைசர் சொன்னார்.

சென்னை வந்து, அங்கிருந்து ரயில்ல விருத்தாசலம். ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துட்டு வராதீங்க மாமா. அன்புச்செல்வன் அண்ணனையும் அனுப்ப வேண்டாம். ரெண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸுல வர்றேன். முன்னாடி சீட்டுலதான் உட்காருவேன். கண்டக்டர் வந்து எங்கன்னு கேட்கும்போது மேலக்கொல்லைன்னு சொல்ல மாட்டேன். அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே சத்தமா கேட்டு வாங்கறேன்: "சவுக்கு டீ ஒண்ணு குடுங்க."

அவர் சிரிச்சா, அதை நட்டவன் நான்தாங்கன்னு சொல்லிக்கறேன்.

பந்தக்காலை நான் வர்ற வரைக்கும் நட்டுடாதீங்க. பூவிழிகிட்ட மாமா வர்றாருன்னு சொல்லி வையுங்க, புது ஆளுன்னு மடியில உட்காராம அழுதா கஷ்டம்.

உங்கள் மச்சான்
நந்தகுமார்